‘வரலாற்றில் இன்று’ எழுதத் தொடங்குகிறவர்களுக்கு: ஒரு சென்னை வழிகாட்டி

பள்ளிக் கரும்பலகை, நூலகத்து அறிவிப்புப் பலகை, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, எங்கே எழுதினாலும் வேலை ஒன்றுதான். ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றைத் தேடி எடுத்து, சரிபார்த்து, நாலு வரியில் சொல்ல வேண்டும். சுலபமாகத்தான் தெரியும். இணையத்தில் தேதியைத் தட்டினால் எழுபது எண்பது வரி கொட்டும். அதில் பாதி ஐரோப்பிய அரசர்களின் முடிசூட்டு விழா, மீதி நாம் கேள்விப்படாத கால்பந்து வீரர்களின் பிறந்தநாள். அதை அப்படியே ஒட்டிவிட்டால் பெரம்பூரிலோ பல்லாவரத்திலோ காலையில் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கும்?

ஒரு நாளைக்கு மூன்று நிகழ்வு போதும் என்பது என் கணக்கு. அதில் ஒன்றாவது படிக்கிறவர் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் நடந்திருக்க வேண்டும். மூன்றையும் நீங்களே சரிபார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

முதலில் தாளைத் தயார் செய்யுங்கள்

நோட்டுப் புத்தகம், அட்டை, கணினியில் எக்செல், எது வசதியோ அது. எக்செல் என்றால் ஒரு எச்சரிக்கை: 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. சென்னையின் சங்கதி 1639-இல் தொடங்குகிறது, ஆகவே நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எண்களாகப் போடுங்கள். மாதம், நாள் என்ற வரிசையில் அடுக்கினால் ஒரே தேதிக்குரியவை தாமாகவே ஒன்று சேரும்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரியில் செய்தி, நடந்த இடம், எங்கே பார்த்தீர்கள், இரண்டாவதாக எங்கே ஒத்துப்பார்த்தீர்கள் என்று எழுதிவையுங்கள். கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் எதையும் வெளியிட வேண்டாம். ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்த இரண்டு இணையப் பக்கங்கள் இரண்டு ஆதாரம் ஆகாது.

அமெரிக்கப் பக்கங்களிலிருந்து எடுக்கும்போது எண்களைக் கவனியுங்கள். அவர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள். அவர்களுடைய 9/11 செப்டம்பர் 11. நம் வழக்கப்படி வாசித்தால் அது நவம்பர் 9, பெர்லின் சுவர் திறந்த நாள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம்: செப்டம்பர் 22

1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி வந்து சுட்டது. கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. கொஞ்ச நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் ஊரைக் காலிசெய்து ஓடியவர்கள் ஏராளம். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது.

இது சென்னைக்காரர்கள் பலருக்கும் தெரிந்த கதை. புதிதாக எழுத வருகிறவர் இதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த வரியில் 1791-இல் மைக்கேல் ஃபாரடே பிறந்தார் என்று போடுவார். தப்பில்லை. ஆனால் அதே தேதி மட்டுமல்ல, அதே ஆண்டும் என்று தேடினால் கதை விரியும். 1914 செப்டம்பர் 22 காலையில், வட கடலில், யு-9 என்ற ஒற்றை ஜெர்மானிய நீர்மூழ்கி அபூகிர், ஹோக், கிரெசி என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை இரண்டு மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. இறந்த மாலுமிகள் 1,400-க்கும் மேல். இன்னும் இருக்கிறது. பசிபிக் கடலில் தாஹித்தித் தீவின் பபீத்தே நகரை ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மானியக் கப்பல்கள் தாக்கியதும் அதே செப்டம்பர் 22-தான். எம்டன் அந்தப் படைப்பிரிவிலிருந்து பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்த கப்பல். சென்னையில் இரவு குண்டு விழுந்தபோது பபீத்தேயில் அப்போதுதான் விடியற்காலை.

ஒரே நாளில் மூன்று கடல்களில் ஒரே கடற்படை. பேசிவைத்துச் செய்ததில்லை. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், துறைமுகத்தில் எரிந்த எண்ணெய்த் தொட்டி ஒரு பெரிய போரின் எந்த மூலையில் இருந்தது என்பது படிக்கிறவருக்குப் புரியும். ஃபாரடேயை வேறு வரியில் வைத்துக்கொள்ளலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொருத்தம் தற்செயலா, திட்டமா

ஒரே தேதியில் இரண்டு நிகழ்வு கிடைத்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் கேட்பதில்லை.

பெரியார் 1973 டிசம்பர் 24-இல் மறைந்தார், எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்தார். தற்செயல். காந்தி பிறந்த அக்டோபர் 2-இல்தான் 1975-இல் காமராஜர் மறைந்தார். அதுவும் தற்செயல்தான், ஆனால் அதைக் கேட்ட தமிழர் யாரும் சும்மா கடந்துபோவதில்லை. கிண்டியில் இருவருக்கும் நினைவிடங்கள் அருகருகே இருப்பதால் அந்த நாளுக்கு ஒரு இடமும் கிடைத்துவிடுகிறது.

திட்டமிட்ட பொருத்தங்கள் வேறு சாதி. இந்திய சுதந்திரத்துக்கு ஆகஸ்ட் 15-ஐ மவுண்ட்பேட்டன் தேர்ந்ததற்கு 1945-இல் அதே நாளில் ஜப்பான் சரணடைந்ததை அவரே காரணமாகச் சொல்லியிருக்கிறார். ராஜாஜி 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பிய நாள் ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது 1919 ஏப்ரல் 13. அந்த நாளின் எடை கிளம்பியவர்கள் எல்லோருக்கும் தெரியும். தேசியக் கைத்தறி நாளின் முதல் விழா 2015 ஆகஸ்ட் 7-இல் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் நடந்ததும் சும்மா இல்லை. 1905 ஆகஸ்ட் 7-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 7 என்றால் நம் ஊரில் 2018-இல் கலைஞர் மறைந்த நாள் என்றுதான் முதலில் நினைவுக்கு வரும், அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

அரசுத் திட்டங்களின் தொடக்க நாட்கள் பெரும்பாலும் இந்த வகை. 2022-இல் பள்ளிக் காலை உணவுத் திட்டம், 2023-இல் மகளிர் உரிமைத் தொகை, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் 2010 திறப்பு விழா, மூன்றும் செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். இதைத் ‘என்ன ஒரு ஒற்றுமை’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

எந்தக் காலண்டர், எந்தக் கடிகாரம்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் வழுக்குவார்கள், கொஞ்சம் நின்று படியுங்கள்.

இங்கிலாந்து 1752 வரை, நாம் இன்று வைத்திருக்கும் கிரிகோரியன் காலண்டரைவிடச் சில நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் காலண்டரைத்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆவணங்களில் அதற்கு முந்தைய தேதிகள் எல்லாம் பழைய கணக்கு. சென்னை தினமாகக் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22, இன்றைய கணக்கில் செப்டம்பர் 1. அந்த நாளே ஜூலை 22-ஆ ஆகஸ்ட் 22-ஆ என்று வாதம் வேறு உண்டு. 2004-இலிருந்து ஆகஸ்ட் 22-ஐத்தான் ஊர் கொண்டாடுகிறது, அதனால் அந்தத் தேதியிலேயே எழுதுங்கள். பழைய காலண்டர் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் சமாதானம் ஆவார்கள். ஆனால் 1639-இன் சென்னை நிகழ்வையும் அதே ஆண்டின் பிரெஞ்சு நிகழ்வையும் ‘ஒரே நாளில்’ என்று கோக்காதீர்கள். பிரான்ஸ் அதற்கு முன்பே மாறிவிட்டது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-இல் வருவதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது நள்ளிரவு. பாரதியார் மறைந்தது செப்டம்பர் 11-ஆ, 12-ஆ? திருவல்லிக்கேணி வீட்டில் 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்கில் அது 12. மாநகராட்சி இறப்புப் பதிவும் 12 என்றே சொல்கிறது. விடிந்தால்தான் அடுத்த நாள் என்று எண்ணுகிற நம் வழக்கப்படி அது 11. தமிழ்நாடு அரசு 2021-இல் மகாகவி நாள் என்று அறிவித்தது செப்டம்பர் 11-ஐ. இரண்டில் எதை எழுதினாலும் யாராவது திருத்த வருவார்கள். ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதிவிட்டால் விவகாரம் முடிந்தது.

தேச எல்லை தாண்டியவற்றில் கடிகார வித்தியாசம் தேதியையே மாற்றிவிடும். நிலவில் அப்பல்லோ 11-இன் இறங்குகலம் ஈகிள் இறங்கியதை உலகம் 1969 ஜூலை 20 என்று எழுதுகிறது. அந்த நொடியில் சென்னையில் ஜூலை 21, விடியற்காலை ஒன்றே முக்கால் மணி தாண்டியிருந்தது. நிகழ்ந்த இடத்தின் அல்லது அதை நடத்தியவர்களின் தேதியை எடுங்கள் என்பது பொது வழக்கம். 2004 சுனாமி போல நம் கரையில் அடித்தவற்றுக்கு நம் தேதியே போதும்.

தமிழ்த் தேதிகளைப் பற்றிச் சுருக்கமாக. நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடும் நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ராஜராஜ சோழனின் ஐப்பசி சதயத்தை ஒரு ஆங்கிலத் தேதியில் ஆணியடித்து வைக்க முடியாது. அவற்றுக்கு தாளில் தனிப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு ஆண்டும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து நிரப்புங்கள். கல்வெட்டுத் தேதிகளை நீங்களே மாற்றிப் பார்க்க ஆசை இருந்தால், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே உட்கார்ந்து போட்டுவைத்த அட்டவணைகள் இருக்கின்றன. முதல் மாதத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

பிப்ரவரி 29-ஐ மறக்காதீர்கள். கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தது 1904-இல் அந்த நாளில்தான். முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாயும் அதே தேதி, 1896. சாதாரண ஆண்டுகளில் இவர்களை 28-இல் போடுவதா, மார்ச் 1-இல் போடுவதா என்று ஒரு முறை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தா, திறப்பா, ஓட்டமா

ஒரு நிகழ்வுக்குப் பல தேதிகள் இருக்கும். எது என்று சொல்லாமல் எழுதினால் குழப்பம்.

நம் மாநிலத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொழிவழி எல்லைகள் அமைந்தது 1956 நவம்பர் 1. தமிழ்நாடு என்று பெயர் மாற்றக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அடுத்த இருபது நாட்களில், பிப்ரவரி 3-இல், அண்ணா மறைந்தார். தமிழ்நாடு நாளாக முதலில் நவம்பர் 1-ஐ அரசு எடுத்தது, 2021-இல் அது ஜூலை 18 என்று மாறியது. இவை எல்லாமே சரியான தேதிகள்தான். ஆனால் ‘தமிழ்நாடு உருவான நாள்’ என்று ஜூலை 18-இல் எழுதினால் தப்பு.

ராயபுரம் ரயில் நிலையமும் அப்படித்தான். ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது 1856 ஜூன் 28, பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1. உயர் நீதிமன்றம் தொடங்கியது 1862 ஆகஸ்ட் 15, நாம் இன்று பார்க்கும் சிவப்புக் கட்டடம் திறந்தது 1892-இல். மாநகராட்சிக்கு அரச சாசனத்தின் தேதி 1687 டிசம்பர் 30, அது செயல்படத் தொடங்கியது 1688 செப்டம்பர் 29. வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால் எந்தத் தேதியையும் பயன்படுத்தலாம், கூடுதலாக ஒரு நாளுக்குச் செய்தியும் கிடைக்கும்.

எங்கே போய்ப் பார்ப்பது

இணையத்திலேயே தொடங்குங்கள், ஆனால் அங்கேயே முடிக்காதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே பாதி வேலை முடியும்.

வெளியே கிளம்பினால் எழும்பூர் முதல் இடம். பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா நூலகம். இந்தியாவில் வெளியாகும் நூல்களும் பத்திரிகைகளும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே சும்மா எட்டிப்பார்க்க முடியாது, எதற்காக எந்த ஆவணம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நோக்கம் தெளிவாக இல்லாமல் போனால் அலைச்சல்தான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சுக்கு அதைவிட்டால் வேறு நல்ல இடம் எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாளிதழைப் புரட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது: 23-ஆம் தேதிப் பேப்பரில் இருப்பது 22-ஆம் தேதிச் செய்தி, சில நேரம் 21-உம் ஆகும். பேப்பரின் தேதியை நிகழ்வின் தேதி என்று எழுதிவிடுவது இந்த வேலையில் சர்வசாதாரணம். செய்திக்குள் ‘நேற்று மாலை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டடங்களில் உள்ள அடிக்கல், திறப்பு விழாக் கல்வெட்டு இரண்டையும் போனில் படம் எடுத்துச் சேருங்கள். ஜார்ஜ் டவுனிலும் கடற்கரைச் சாலையிலும் அரை நாள் நடந்தால் பல தேதிகள் சிக்கும். அடிக்கல் நாட்டிய தேதிக்கும் திறந்த தேதிக்கும் நடுவே சில ஆண்டுகள் இருக்கும், கலந்துவிடாதீர்கள்.

எதை விடுவது

செப்டம்பர் 11-ஐ எடுத்துப் பாருங்கள். 1893-இல் சிகாகோவில் விவேகானந்தர் பேசியது. 1906-இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் காந்தி கூட்டிய கூட்டம், சத்தியாகிரகத்தின் தொடக்கம். 1948-இல் ஜின்னா மறைவு. 1957-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டது. 1973-இல் சிலியில் ராணுவக் கவிழ்ப்பு. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம். இதோடு பாரதி. ஏழு ஆகிவிட்டது, எதுவும் சின்னதில்லை.

நான் இதில் பாரதி, ஜோகன்னஸ்பர்க், இம்மானுவேல் சேகரன் மூன்றையும் எடுப்பேன். இரட்டைக் கோபுரத்தை எல்லோரும் எழுதுவார்கள். ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ப்பதற்குக் காரணம், தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு நின்றவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். இம்மானுவேல் சேகரனை ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சாதி பற்றிய செய்தி வரும்போது மட்டும் இடம் போதாமல் போவது நடுநிலை ஆகாது. உண்மையை, ஆண்டும் இடமும் சொல்லி, அடைமொழி இல்லாமல் எழுதுங்கள். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆதாரம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்தநாட்களைக் குறையுங்கள். ஒருவர் பிறந்த அன்று அவர் ஒன்றும் செய்துவிடவில்லை. இறந்தநாளைவிட, அவர் செய்த காரியம் நடந்த நாள் கிடைத்தால் அதற்கே முதலிடம். சிங்காரவேலர் பெயரைச் சொல்ல 1923 மே 1-ஐவிட நல்ல நாள் எது? இந்தியாவின் முதல் மே தினத்தை அவர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார்.

வரியை எழுதுவது

ஆண்டு, இடம், ஆள், வினை. ‘மாபெரும்’, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ எல்லாம் வேண்டாம், இந்தத் தலைப்பின் கீழ் வருவதே போதும். உதாரணமாக: ‘1802 ஏப்ரல் 10: இந்தியாவை அளக்கும் பெரும் நில அளவையின் அடிப்படைக் கோட்டை வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அளக்கத் தொடங்கினார்.’ இதற்குமேல் ஒரு வரி வேண்டுமென்றால், இன்று அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லலாம்.

நூற்றாண்டு என்று எழுதும் முன் விரல்விட்டு எண்ணுங்கள். 1924-இல் பிறந்தவருக்கு நூற்றாண்டு தொடங்குவது 2023-இல், நிறைவது 2024-இல். தொடக்கத்தை நிறைவு என்று எழுதிப் போஸ்டர் அடித்தவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

ஒரு வாரத்துக்கானதை ஞாயிற்றுக்கிழமையே தயாராக வைத்துவிடுங்கள். அன்றன்று காலையில் தேடினால் சரிபார்க்க நேரம் இருக்காது, ஏதோ பார்வர்டு வந்ததை ஒட்டிவிடத் தோன்றும். யாராவது திருத்தம் சொன்னால் நன்றி சொல்லி, ஆதாரம் கேட்டு, அதைத் தாளில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாள் திரும்ப வரும்போது அந்தக் குறிப்பு உதவும்.

பழகுவதற்கு ஒரு நல்ல நாள் செப்டம்பர் 5. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது, 1872-இல் வ.உ.சி. பிறந்தார், 1888-இல் ராதாகிருஷ்ணன் பிறந்தார். மூன்றுக்கும் ஆதாரம் தேடுவது கஷ்டமில்லை, பல்கலைக்கழகமும் ராதாகிருஷ்ணன் பாடம் நடத்திய மாநிலக் கல்லூரியும் ஒரே கடற்கரைச் சாலையில் நிற்கின்றன. அது முடிந்ததும் டிசம்பர் 5-ஐ எடுங்கள்: 1896-இல் கன்னிமாரா நூலகத் திறப்பு, 2013-இல் மண்டேலா மறைவு, 2016-இல் ஜெயலலிதா மறைவு. மூன்றாவதன் நேரத்தைப் பார்த்து எழுதுங்கள், அதுவும் நள்ளிரவை ஒட்டியதுதான்.